‘டக்’ என்றது கார்... ‘பக்’ என்றது நெஞ்சு!

முட்டம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986)... பாறை, அலை, கலங்கரை விளக்கம், காதல்! எனக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு சத்தம்தான். ‘டக்!’

போன மார்கழியில் ஒரு நாள். விடியற்காலை மூன்றரை மணி. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கதவை இடிக்காத குறையாகத் தட்டினார்.

“மக்ளே, அவளுக்கு வலி வந்துட்டு. வண்டிய எடு மக்ளே!”

பெரியம்மாவின் மகளுக்குத் தலைப்பிரசவம். 108-க்கும் போன் போட்டிருந்தார்கள். ஆனால் வாசலிலேயே ஒரு கார் நிற்கும்போது யாருக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்கும்? அக்காவைப் பின் சீட்டில் உட்கார வைத்தோம். சாவியைத் திருப்பினேன்.

டக்.

மறுபடி திருப்பினேன். டக். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஹாரன் ஊரை எழுப்புகிறது. இன்ஜின் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. பின்னால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள். எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு வாரம் முன்புதான் புது பேட்டரி போட்டிருந்தேன். அதற்கு முன்பே காலையில் ஸ்டார்ட்டிங் டிரபிள் இருந்தது. ஆபீஸில் சொன்னேன். நம் ஆபீஸில்தான் டாக்டர், வக்கீல், மெக்கானிக் எல்லாரும் ஒரே மேஜையில் டீ குடிப்பார்களே! “குளிர் சார்... பேட்டரி அவுட்!” என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். பொங்கலுக்கு வைத்திருந்த பணம் பேட்டரியாக மாறியது.

நல்ல காலம், துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த நாலு பேர் ஓடி வந்தார்கள். “எலே, பிடிங்கலே... தள்ளுங்கலே!” சாவியை ஆனில் வைத்து, கிளட்சை மிதித்து, இரண்டாம் கியரில் போட்டேன். வண்டி வேகமெடுத்ததும் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல்... இன்ஜின் பிடித்துக்கொண்டது!

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை அணைக்கப் பயந்து கால் மணி நேரம் உறும விட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். நலமில்லாதது என் கார் மட்டும்தான்.

அன்று சாயங்காலமே மெக்கானிக் ஆசானிடம் போனேன். அறுபது வயசு. பாதி பீடியோடுதான் பேசுவார்.

“பேட்டரி புதுசு ஆசானே. இந்தக் குளிருதான்...”

“மக்கா, நம்ம ஊருல மார்கழியில அப்படி என்ன குளிரு? ஊட்டியில புல்லு மேல உறைபனி விழுது. அங்க காரு ஓடலியா?”

நான் பதில் பேசவில்லை.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். டக். விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை. ஆசான் சிரித்தார். ஜம்பர் கேபிளில் கறுப்பு ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறு முனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் மாட்டினார். “இப்ப திருப்பு.”

முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது!

விஷயம் இதுதான். பேட்டரியின் மைனஸ் காரின் பாடிக்குப் போகிறது. பாடியிலிருந்து இன்ஜினுக்கு ஒரு பின்னல் பட்டை போகும். அதுதான் எர்த் பட்டை. உப்புக் காற்று தின்று என் காரில் அது பச்சை பூத்துப் போயிருந்தது. ஹெட்லைட்டுக்கு அந்தப் பட்டையே தேவையில்லை. ஒரு பல்புக்கு 5 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அத்தனையும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதில் 0.05 ஓம் தடை இருந்தால் போதும், 120 ஆம்பியர் போகும்போது 6 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். இருப்பதே 12!

“அப்போ பகல்ல மட்டும் ஸ்டார்ட் ஆகுதே ஆசானே?”

“ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ஆயில் கெட்டியா கெடக்கும். இன்ஜினைச் சுத்தக் கூடுதல் பலம் வேணும். பகல்ல சூட்டுல லேசா சுத்திரும். குளிரு திருடன் இல்ல மக்கா, காட்டிக் குடுத்தவன்!”

புதுப் பட்டையும் கூலியும் நானூறு ரூபாய். நான் பேட்டரிக்குக் கொடுத்தது அதைப்போல் பத்து மடங்கு!

ஆசான் வாயிலிருந்து நான் குறித்துக்கொண்டது, உங்களுக்கும் உதவும்:

திருப்பும்போது ‘டக்’ என்று விளக்கும் மங்கினால் பேட்டரியையோ அதன் முனைகளையோ சந்தேகப்படுங்கள். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் கறுப்பு ஒயரைக் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து, கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். காய்ந்ததும் மாட்டி வாசலின் தடவுங்கள். கறுப்பைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும்.

விளக்கு மங்காமல் ‘டக்’ என்றால் எர்த் பட்டையையோ ஸ்டார்ட்டரையோ பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். பெட்ரோலையும் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள்.

ஏ.சி., ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்திருக்காதீர்கள். அரை நிமிஷம் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

நிஜமான குளிர் ஊரில் கதையே வேறு. மைனஸ் 18 டிகிரியில் ஒரு பேட்டரி தன் பலத்தில் பாதிகூடத் தராது. கனடாவில் ராத்திரி இன்ஜினுக்கே ஹீட்டர் மாட்டி பிளக்கில் சொருகி வைக்கிறார்கள். ஆயில் டின்னில் 10டபிள்யூ-30 என்று இருக்கிறதே, அந்த ‘டபிள்யூ’ வின்ட்டர்தான். அதன் முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் சுலபமாக ஓடும்.

இப்போது என் கார் முதல் திருப்பிலேயே கிளம்பிவிடுகிறது. ஆனால் அந்த நாலு பேர் மட்டும் வழியில் என்னை எங்கே பார்த்தாலும் கேட்பதை நிறுத்தவில்லை:

“என்ன... தள்ளணுமா?”