குதுப் மினார் பார்த்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க

டெல்லியில் மீட்டிங் முடிந்தது. மறுநாள் ஃபிளைட்டுக்கு முன்னால் அரைநாள் கையில் இருக்கிறது. குதுப் மினாருக்குப் போய் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு கேப் பிடிக்கலாம், அதுதானே திட்டம்? இன்னும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், பக்கத்திலேயே இருக்கும் மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவையும் பார்த்துவிடலாம். சுமார் 200 ஏக்கர். டிக்கெட் கிடையாது.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் குதுப் வளாகம், அப்புறம்தான் பூங்கா.

குதுப் வளாகத்தின் இரும்புத் தூணுக்குப் பின்னால் உயரமான கல் வளைவுகள் தெரியும். குத்புதீன் ஐபக் காலத்தில், 1190களின் கடைசியில் எழுந்தவை. பார்த்தால் வளைவு மாதிரிதான் இருக்கும். உண்மையில், ஒவ்வொரு கல் வரிசையையும் கீழ்வரிசையைவிட கொஞ்சம் முன்னே தள்ளி வைத்து, உச்சியில் இரண்டு பக்கத்தையும் சேர்த்திருக்கிறார்கள். கேட்டது புது வடிவம். உள்ளூர் கொத்தனார்கள் தங்களுக்குக் கைவந்த முறையில் அதைச் செய்து கொடுத்தார்கள்.

இப்போது பூங்காவுக்குள் பல்பன் சமாதிக்கு வாருங்கள். சுல்தான் பல்பன் இறந்தது 1287இல். கூரை இல்லாத, சொரசொரப்பான கற்சுவர்கள். பலரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாசல் வளைவை மட்டும் நிமிர்ந்து பாருங்கள். ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து நிற்கின்றன. மேலிருந்து வரும் எடை பக்கவாட்டில் சுவருக்கு இறங்கிவிடுகிறது. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய உண்மையான வளைவு இதுதான் என்கிறார்கள் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் பலர். சுமார் 90 ஆண்டுகளில் கொத்தனார்கள் கற்றுக்கொண்ட பாடத்தை நீங்கள் ஒரே காலை நடையில் பார்த்துவிடலாம். வரிசையை மாற்றிப் போனால் இது வெறும் இடிந்த சுவர்.

பக்கத்திலேயே ஜமாலி கமாலி மசூதியும் சமாதியும். ஜமாலி, லோதிகள் காலத்திலும் முகலாயர் காலத்தின் தொடக்கத்திலும் வாழ்ந்த சூஃபி கவிஞர். கமாலி யார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது. சமாதி அறை பெரும்பாலும் பூட்டியிருக்கும். காவலரிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். சிவப்பும் நீலமுமாக உள்கூரை அவ்வளவு அழகு.

அடுத்து ராஜோன் கி பாவ்லி, 1506இல் கட்டிய படிக்கிணறு. பெயரைக் கேட்டு ராஜாக்கள் கிணறு என்று நினைக்காதீங்க. இந்தியில் 'ராஜ்' என்றால் கொத்தனார் என்றும் பொருள் உண்டு. இங்கே பின்னாளில் குடியிருந்த கொத்தனார்களால் வந்த பெயர் இது. நேரம் மிச்சமிருந்தால் குலி கான் சமாதி. 1840களில் தாமஸ் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைத் தன் ஓய்வு வீடாக மாற்றி, சமாதிக் கூடத்திலேயே சாப்பாட்டு மேஜை போட்டார். நல்ல ரசனை!

மெட்ரோவில் மஞ்சள் தடம், குதுப் மினார் ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ. குருகிராமில் தங்கியிருந்தால் அதே தடம்தான். நவம்பர், டிசம்பரில் காற்று மோசம். பிப்ரவரி, மார்ச் நல்லது. பூங்காவில் பாதைகள் குழப்பும், அதனால் மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். உள்ளே கடை எதையும் நம்ப வேண்டாம், தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும். மாலையில் போகிறீர்கள் என்றால், இருட்டுவதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள்.