கப்பலுக்குக் காத்திருந்தவர்கள்

ரயில் அரை மணி நேரம் தாமதமானால், ஸ்டேஷன் மாஸ்டரிடம் நாலு தடவை போய்க் கோபித்துக் கொள்கிறோம். உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்து சேவை செய்தவன், ஊர் திரும்பக் கப்பலின்றி மாதக் கணக்கில் காத்திருப்பதென்றால் அவன் மனம் என்ன பாடுபடும்!

நாசிக் நகருக்கு அருகே தேவ்லாலி என்று ஓர் ஊர் இருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், சேவைக் காலம் முடிந்த ஆங்கிலச் சிப்பாய்களை அங்குள்ள முகாமில் தங்க வைத்தனர். துருப்புக் கப்பல்கள் குளிர் காலத்தில்தான் புறப்படும். பருவம் தப்பி வந்தவன் அடுத்த பருவம் வரை கிடக்க வேண்டியதே. வேலையில்லை, வெயிலும் ஜுரமும் குடியும்தான் துணை. சிலருக்குச் சித்தமே கலங்கிற்று. பைத்தியம் பிடித்தவனை 'டூலாலி' என்று ஆங்கிலேயர் இன்றும் குறிப்பிடுவது இவ்வூரின் பெயரால்தான். அதனுடன் 'டாப்' என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஹிந்துஸ்தானியில் அதற்கு ஜுரம் என்று பொருள். நம்முடைய 'தாபம்' என்ற சொல்லுக்கு அது உறவு. வீட்டு நினைவால் வாடியவர்களின் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

1945, ஆகஸ்டு 15-ல் ஜப்பான் சரணடைந்ததும், உலகெங்கும் சிதறிக் கிடந்த வீரர்களுக்கெல்லாம் இந்தத் தாபம் கண்டது. அமெரிக்கர் கணக்குப் போட்டு ஆட்களை அனுப்பினர். சேவை செய்த மாதம் ஒன்றுக்கு 1 புள்ளி. அது கடல் கடந்த சேவையானால் இன்னும் 1. ஒரு குழந்தைக்கு 12 வீதம் மூன்று குழந்தைகள் வரை. 85 புள்ளி சேர்ந்தவனுக்கு முதல் இடம் என்பது தொடக்கத்தில் செய்த ஏற்பாடு. 'குவீன் மேரி' போன்ற பெருங் கப்பல்கள் ஒரே நடையில் சுமார் 15,000 பேரை ஏற்றிச் சென்றன. அப்படியும் போதவில்லை. 1946 ஜனவரியில் மணிலா நகரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக் கணக்கில் ஊர்வலம் போனார்கள். அதே மாதம் கராச்சியில் ஆங்கில விமானப் படையினர் வேலை செய்ய மறுத்தனர். அது இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் பரவிற்று. 'கப்பல் பஞ்சம்' என்று சமாதானம் சொல்லப்பட்டது. யுத்தத்தில் எத்தனையோ கப்பல்கள் மூழ்கியிருந்தபடியால் அதில் உண்மையும் உண்டு.

ஆனால் இந்தியச் சிப்பாயின் கதை வேறு. சுமார் 25 லட்சம் பேர் கொண்டது அன்றைய இந்தியப் படை. அவர்களில் பலரைத் தடுத்து வைத்தது கப்பல் பஞ்சம் மட்டுமல்ல. யுத்தம் முடிந்தபின், 1945 செப்டம்பரில் ஓர் இந்திய டிவிஷன் ஸைகோனில் போய் இறங்கிற்று. அக்டோபரில் ஓர் இந்தியப் பிரிகேட் ஜாவாவிலுள்ள ஸுரபாயாவில் இறங்கியது. ஜப்பானியரின் ஆயுதங்களைக் களைவதும் கைதிகளை மீட்பதும் வேலை என்றார்கள். நடந்ததென்ன? இந்தோசீனத்தில் பிரெஞ்சுக்காரரும், இந்தோனேஷியாவில் டச்சுக்காரரும் மீண்டும் ஆட்சியில் அமர நம்மவர் காவல் நிற்க வேண்டியதாயிற்று. நவம்பர் 10-ல் ஸுரபாயாவில் மூண்ட கடும் போரில், நமக்கு ஒரு தீங்கும் செய்யாத மக்களுடன் நம்மவர் பொருதினர். இந்தோனேஷியர் அந்நாளை இன்றும் வீரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

யுத்தம் முடிந்ததென்று ஊரெல்லாம் பேசும்போது, தன் மகன் மட்டும் ஏன் வரவில்லை என்று ஏங்கிய தாய்க்கு என்ன பதில் சொல்வது? கப்பல் இல்லை என்றால் அவள் பொறுத்திருப்பாள். பிறர் நாட்டை இன்னொருவருக்குப் பிடித்துக் கொடுக்கப் போயிருக்கிறான் என்றால் பொறுப்பாளா?

தேசம் பொறுக்கவில்லை. ஜவாஹர்லால் நேரு வன்மையாகக் கண்டித்தார். 1946, பிப்ரவரி 18-ல் பம்பாயில் கிளர்ந்தெழுந்த கடற்படை மாலுமிகள், தங்களை விரைவில் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றதோடு நிற்கவில்லை. இந்தோனேஷியாவிலிருந்து இந்தியத் துருப்புக்களைத் திருப்பியழைக்க வேண்டும் என்றும் கோரினர். தமக்காகக் கேட்டபோதே அயலான் விடுதலைக்கும் சேர்த்துக் கேட்டார்களே, அதுவல்லவோ பெருந்தன்மை! செப்டம்பர் 2-ல் இடைக்கால சர்க்கார் பதவியேற்றது. நவம்பர் முடிவுக்குள் நம் துருப்புக்கள் இந்தோனேஷியாவை விட்டு வெளியேறின.

இன்றும் ஐக்கிய நாடுகளின் அமைதிப் படைகளில் நம் வீரர்கள் தூர தேசங்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளிலும் நாட்காட்டியைப் பார்த்தபடி யாரோ காத்திருக்கிறார்கள். அவர்களை அனுப்புவது இப்போது அந்நியன் அல்ல, நாமே. ஆகவே, எதற்காகப் போனார்கள், எப்போது திரும்புவார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவ்வீடுகளுக்கு நேர்மையான விடை சொல்லும் பொறுப்பும் நம்முடையதே.