மாத்திரையும் டென்னிஸ் மட்டையும்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. காப்பீட்டு நிறுவனக் குமாஸ்தா பாக்ஸ்டர், மதுக்கூடத்தில் அறிமுகமான ஒருத்தியோடு வீடு திரும்புகிறான். கட்டிலில் இன்னொரு பெண் கிடக்கிறாள். அவன் மனசுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள், ஃபிரான். அலுவலகத்தில் லிஃப்ட் இயக்குபவள். தூக்க மாத்திரைகளை விழுங்கியிருக்கிறாள். வந்தவளை வெளியே தள்ள வேண்டும், கிடப்பவளைக் காப்பாற்ற வேண்டும். பக்கத்து வீட்டு டாக்டர் வந்து கன்னத்தில் அறைகிறார், காபி புகட்டுகிறார், தூங்கவிடாமல் அறைக்குள் நடக்கவைக்கிறார்.

காதல் நகைச்சுவைப் படம் என்று சொல்லிக்கொண்டு இப்படியொரு கதையோடு போனால் எந்தத் தயாரிப்பாளரும் எழுந்து போய்விடுவார். பில்லி வைல்டர் எடுத்தார். 1960-இல் வந்த 'தி அபார்ட்மென்ட்', சிறந்த படம், இயக்கம், திரைக்கதை உட்பட ஐந்து ஆஸ்கர்களை வாங்கியது.

கதையின் விதை டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுன்டர்' படத்தில் கிடந்தது. அதில் திருமணமான இருவர் ரகசியமாகச் சந்திக்க ஒரு நண்பனின் வீட்டைப் பயன்படுத்துவார்கள். அந்த வீட்டுக்காரன் கதி என்ன என்று வைல்டர் யோசித்தார். அவருடைய பாக்ஸ்டர், பதவி உயர்வுக்காக மேலதிகாரிகளுக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நியூயார்க் குளிரில் வெளியே நிற்கிறான். மறுநாள் ஜலதோஷத்தோடு, வாயில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு, எந்த அதிகாரிக்கு எந்த ராத்திரி என்று தொலைபேசியில் மாற்றி மாற்றி ஏற்பாடு செய்கிறான். நாம் சிரிக்கிறோம். அவன் செய்வது என்னவோ மானங்கெட்ட வேலை.

துயரத்துக்கு நடுவே வரும் சிரிப்பு ஏன் இவ்வளவு பலமாக வருகிறது? 1970-களில் டோல்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பயமோ பதற்றமோ வந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு மாறும். காட்சி மாறியதும் மனம் சட்டென்று அடுத்த உணர்ச்சிக்குத் தாவிவிடும். உடம்பு அவ்வளவு வேகமாக அடங்காது. மிச்சமிருக்கும் படபடப்பை, புதிதாக வந்த உணர்ச்சியின் கணக்கில் நாம் எழுதிவிடுகிறோம். ஃபிரான் பிழைத்தெழுந்த பிறகு பாக்ஸ்டர் அவளுக்காக ஸ்பகெட்டி சமைத்து, அதை டென்னிஸ் மட்டையில் வடிகட்டுகிறான். சாதாரண நாளில் இது புன்னகைக்கு மட்டும் தகுதியான வேடிக்கை. அந்த இரவின் திகில் உடம்பில் ஒட்டியிருப்பதால்தான் அவ்வளவு பெரிதாகப்படுகிறது; அந்த இருவர்மீதும் பாசமும் பொங்குகிறது. இந்த விளக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே படம் வந்துவிட்டது. கலைஞனுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்ததை ஆய்வுக்கூடம் பிறகு உறுதிசெய்வது புதிதல்ல.

நெஞ்சை ஏமாற்றியது வைல்டர் என்றால், கண்ணை ஏமாற்றியவர் படத்தின் கலை இயக்குநர் அலெக்சாந்தர் த்ரோனர். ஹங்கேரியில் பிறந்த யூதர். ஜெர்மனி பிரான்சைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் தலைமறைவாக இருந்துகொண்டே திரைப்பட அரங்கங்களை வடிவமைத்தவர். கண்ணுக்கெட்டியவரை மேசைகள் நீளும் அலுவலகம் ஒன்றை அவர் ஸ்டுடியோவுக்குள் கட்ட வேண்டியிருந்தது. முன்வரிசைகளில் வழக்கமான மேசைகள், வழக்கமான நடிகர்கள். பின்னே போகப்போக மேசைகள் சிறுத்தன. உயரம் குறைந்தவர்கள் உட்காரவைக்கப்பட்டார்கள். கோடியில் இருந்தவை வெறும் அட்டை உருவங்கள்.

இது எப்படிப் பலிக்கிறது? நேரில் பார்க்கும்போது இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட இரு பிம்பங்களைப் பிடிக்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை தூரத்தைக் கணிக்கிறது. கேமராவுக்கு ஒரே கண். அது தரும் தட்டையான படத்தில், நமக்குத் தெரிந்த பொருளின் அளவுதான் தூரத்துக்கு முக்கியமான சாட்சி. மேசை என்றால் இவ்வளவு பெரிது என்று மூளைக்கு மனப்பாடம். சின்னதாகத் தெரிந்தால் மேசையே சின்னது என்று அது நினைப்பதில்லை. தள்ளியிருக்கிறது என்று முடிவுகட்டுகிறது. கேமரா ஓரடி நகர்ந்தாலும் குட்டு வெளிப்படக்கூடிய தந்திரம் இது.

த்ரோனரின் மேசைகள் வெறும் வித்தைக்காக நிற்கவில்லை. அந்தக் கடலில் ஒரு துளியாக பாக்ஸ்டரைப் பார்த்த பிறகுதான், சாவியைக் கொடுத்தாவது மேலே ஏறிவிடத் துடிக்கும் அவன் தவிப்பு புரிகிறது. அவனை வெறுக்க முடியாமல் போகிறது.

படத்தில் என் மதிப்பில் உச்சமான இடம் வேறு. முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த சிறிய பவுடர் பெட்டி ஒன்றை பாக்ஸ்டர் தன் வீட்டில் கண்டெடுத்து, யாருடையது என்று தெரியாமல் மேலதிகாரியிடம் ஒப்படைத்திருப்பான். கண்ணாடியில் கீறல். பிறகு ஒரு நாள் ஃபிரான் தன் பெட்டியைத் திறந்து அவனிடம் நீட்டுகிறாள். உள்ளே அதே கீறல். அந்த அதிகாரியோடு தன் வீட்டுக்கு வந்துபோனவள் யாரென்று அவனுக்கு அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது. விளக்க வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

த்ரோனருக்கும் அரங்க அலங்காரம் செய்த எட்வர்ட் பாயிலுக்கும் கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. பாக்ஸ்டராக நடித்த ஜாக் லெம்மன், ஃபிரானாக நடித்த ஷெர்லி மெக்லேன் இருவரும் பரிந்துரையோடு நின்றுவிட்டார்கள். அட்டை உருவங்களுக்குக் கிடைத்த மரியாதை அந்த இரண்டு முகங்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.