டுலேரி ஜில்லாவின் வீட்டுக் கடன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கிராமத்து ஏழைகள் வீடு வாங்கச் சர்க்கார் கடனுதவி செய்கிறது என்று கேட்டால் நம்மவர் பலர் வியப்படைவர். செல்வங் கொழிக்கும் அந்நாட்டில் கிராமத்து ஏழை ஏது என்பர். அவர்கள் கலிபோர்னியாவிலுள்ள டுலேரி ஜில்லாவை நோக்குவாராக. ஆரஞ்சும் திராட்சையும் பாலும் அங்கிருந்து தேசமெங்கும் செல்கின்றன. ஆனால் அப்பழத்தைப் பறிக்கும் தொழிலாளிக்குச் சொந்தக் கூரை கிடைப்பது அரிதாகவே இருந்து வருகிறது.

1949-ஆம் வருஷம் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட வீட்டுச் சட்டத்தின் 502-வது பிரிவே இக்கடனுக்கு மூலம். முதலில் பண்ணைக்காரருக்கு மட்டும் இருந்த உதவி, 1961-இல் மற்றக் கிராமவாசிகளுக்கும் விரிந்தது. இப்போது அதற்கு இரண்டு வழிகள். விவசாய இலாகாவே நேராகக் கொடுப்பது ஒன்று. பாங்கு கொடுக்கும் கடனுக்கு இலாகா ஜாமீன் நிற்பது மற்றொன்று. இரண்டிலும் முன்பணம் கட்ட வேண்டுவதில்லை. நேர்க் கடனில், வருமானத்துக்கேற்ப வட்டி 1 சதவிகிதம் வரை குறைக்கப்படலாம். தவணை 33 வருஷம், மிகவும் வறியவருக்கு 38 வருஷம். இது தயாள குணமன்று, நல்ல ராஜதந்திரம் என்றே நாம் கருதுகிறோம்.

தகுதி என்னும் வாசலில்தான் சங்கடம். முதலாவது, ஊர் கிராமமாக இருக்க வேண்டும். பொதுவாக ஜனத்தொகை 10,000-க்கு உட்பட்ட, கிராமத் தன்மையுள்ள ஊர்கள் சேரும். முன்பு கிராமமென்று ஒப்புக் கொள்ளப்பட்டுப் பிறகு வளர்ந்த ஊர்களுக்கு 35,000 வரையிலும் சலுகையுண்டு. ஜில்லாவின் தலைநகரான வைசேலியா லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களை உடையதாதலால் சேராது. தோட்டத்தில் ஒரே கூலி பெறும் இருவரில், கோட்டுக்கு இப்பால் வீடு பார்ப்பவனுக்குக் கடன் உண்டு, அப்பால் பார்ப்பவனுக்கு இல்லை. கோடு எங்கேனும் கிழித்தாக வேண்டும் என்பது மெய்யே. எனினும் கோடு கிழிப்பவர் தேசப்படத்தைப் பார்க்கிறார், கூலியைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, வருமானம். ஜாமீன் கடனுக்கு, அப்பிரதேசத்து நடுத்தர வருமானத்தில் 115 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது. நேர்க் கடனுக்கு உச்ச வரம்பு ஏறக்குறைய 80 சதவிகிதம். குடும்பத்தில் வயது வந்தவர் அனைவருடைய சம்பாத்தியமும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடாதவருடையதுங்கூட, கணக்கிலே சேரும். நம் நாட்டுக் கூட்டுக் குடும்பம் போலத் தகப்பனும் மகனும் ஒரே கூரையின் கீழ் வாழும் மெக்ஸிக வம்சத்தார் அங்கே ஏராளம். மகன் சம்பாதிக்கத் தொடங்கியதும் தகப்பனுக்குக் கடன் மறுக்கப்படலாம். கூடி வாழ்வதற்கு விதிக்கும் அபராதமல்லவோ இது?

மேலும், விண்ணப்பிப்பவர் அந்நாட்டுப் பிரஜையாகவோ, சட்டப்படி வசிக்க உரிமை பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். பத்திரங்களின்றி வயலில் உழைப்போர் பல்லாயிரவர். பழம் பறிக்க வேண்டியவர்களாயினும் வீட்டுக்கு வேண்டாதவர்கள்.

ஜாமீன் கடனில் நஷ்டம் வந்தால் 90 சதவிகிதம் வரை இலாகா ஏற்கிறது. ஆயினும், பருவத்துக்கொரு தோட்டம் மாறும் கூலிக்காரரின் நிலையற்ற சம்பளத்தைக் கண்டால் பாங்குகள் தயங்கும். சாமி வரங் கொடுத்தும் பூசாரி இடங்கொடாத கதைதான்.

வீட்டிற்கும் ஒரு பரீக்ஷை உண்டு: சுத்தமான, போதிய குடிதண்ணீர் வேண்டும். நியாயமான நிபந்தனை. ஆனால் இந்த ஜில்லாவில் உரத்தின் நைட்ரேட் கலந்து கெட்ட கிணறுகள் பல. 2014-ஆம் வருஷத்து வறட்சியில் கிழக்குப் போர்ட்டர்வில் என்னும் ஊரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றிப் போயின; பக்கத்து நகரத்துக் குழாய்த் தண்ணீர் வந்து சேர வருஷங்கள் பிடித்தன. கிணற்றைக் கெடுத்தவன் ஒருவன், கடனை இழப்பவன் மற்றொருவன்.

இவ்வளவு இருந்தும் அந்த ஜில்லா நமக்குக் காட்டும் நற்காரியம் ஒன்றுண்டு. 1960-க்குப் பிற்பட்ட சில வருஷங்களில் கோஷன் என்னும் சிற்றூரில் தொழிலாளிகள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துத் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டினர். அதிலிருந்து 1965-இல் வைசேலியாவில் ‘செல்ப் ஹெல்ப் என்டர்பிரைஸஸ்’ என்னும் சங்கம் தோன்றிற்று. ஒரு குழுவாகச் சேர்ந்த குடும்பங்கள் கட்டட வேலையில் 65 சதவிகிதத்தைத் தாங்களே செய்து முடிக்க வேண்டும். எல்லா வீடுகளும் முடியும் வரையில் ஒருவரும் குடியேறுவதில்லை. 502-வது பிரிவின் நேர்க் கடனே இவ்வீடுகளுக்கு ஆதாரம். இவ்விதம் எழுந்த வீடுகள் ஆயிரக்கணக்கானவை.

இந்த நேர்க் கடனையே 2017-இல் டிரம்ப் சர்க்காரின் வரவு செலவுத் திட்டம் முற்றிலும் ஒழிக்கப் பார்த்தது. காங்கிரஸ் சபை அதற்கு இணங்கவில்லை. ஜாமீன் கடன் இருக்கிறதே என்பது அப்போது சொல்லப்பட்ட சமாதானம்; பாங்குக்காரர் கதவைத் தட்டிப் பார்த்துத் திரும்பியவர்களுக்காகவே நேர்க் கடன் ஏற்பட்டது என்பதை அந்தச் சமாதானம் மறந்துவிட்டது.