தனித்த குடாவும் குடிபெயர்ந்த மக்களும்: சென்ற் கில்டா பற்றிய ஒரு நோக்கு

கரடுமுரடான கடற்கரையொன்றிலே, செங்குத்துப் பாறைகளுக்கிடையில் ஒதுங்கிக் கிடக்கும் குடாவை நாடிச் செல்வோர், பெரும்பாலும் மனிதச் சுவடு படாத இயற்கையையே அங்கு எதிர்பார்க்கின்றனர். அத்தகைய குடாவின் தனிமை இயற்கை தந்ததா, அன்றி வரலாறு ஆக்கியதா என்ற வினா அவர்கள் உள்ளத்தில் எழுவது அரிது. ஸ்கொத்லாந்தின் மேற்கே அத்திலாந்திக் சமுத்திரத்தில் அமைந்துள்ள சென்ற் கில்டாத் தீவுக் கூட்டத்தின் ஊர்க்குடாவை உதாரணமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற் கில்டா, வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுள் ஒன்றான வடக்கு உயிஸ்ற்றிலிருந்து ஏறத்தாழ 64 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அப்பெயர் கொண்ட புனிதர் எவரும் வாழ்ந்ததாகச் சான்று இல்லை. ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இயங்கிய எரிமலையொன்றின் எச்சங்களே இத்தீவுகள். இவற்றுட் பெரியதான ஹேர்ட்டாவின் பரப்பு ஏழு சதுர கிலோமீற்றருக்கும் குறைவானது. அதன் வடபுறத்திலுள்ள கொனக்கெயர் மலை, கடலிலிருந்து ஏறக்குறைய 430 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுகின்றது. இத்தகைய தீவில் தென்கிழக்கு நோக்கித் திறந்துள்ள ஊர்க்குடாவே கரையிறங்குவதற்கு உகந்த இடம். டூன் என்னும் ஒடுங்கிய தீவு ஒரு புறத்தே நீண்டு நின்று அதற்கு அரணாகின்றது. ஆயினும் தென்கிழக்குக் காற்று வீசுமாயின் அலைகள் நேரே குடாவினுட் புகுந்துவிடும். அந்நாளில் வந்த படகு, கரையைக் கண்டும் இறங்க இயலாது திரும்ப நேரிடும். கோடைகாலத்தில் ஸ்கை, ஹரிஸ் ஆகிய தீவுகளிலிருந்து படகேறி வருவோர்க்கு இன்றும் இதுவே நிலை.

கரையிறங்குவோர் முதலிற் காண்பது, குடாவின் வளைவைத் தழுவிச் செல்லும் ஒரேயொரு தெருவும், அதன் ஓரத்தே கூரையிழந்து நிற்கும் வீடுகளுமாகும். வீடுகளுக்குப் பின்னே மலைச்சரிவெங்கும் கல்லடுக்கி எழுப்பிய சிறு குடில்கள் நூற்றுக்கணக்கிற் காணப்படுகின்றன. கிளீற் எனப்படும் இக்குடில்கள் கற்களின் இடைவெளியூடாகக் காற்று ஊடுருவும் வகையில் அமைந்தவை. பிடித்த பறவைகளையும் முட்டைகளையும் வெட்டிய எரிகரியையும் உலர்த்திச் சேமிப்பதற்கு இவை பயன்பட்டன. இவற்றிடையே மேயும் கபிலநிற ஆடுகளைக் காண்போர், அவை தொன்றுதொட்டு அங்கு திரிவன என எண்ணுதல் இயல்பு. உண்மையில், மக்கள் நீங்கிய பின்னர், 1932ஆம் ஆண்டில், அயலிலுள்ள சோவே தீவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட 107 ஆடுகளின் வழிவந்தவையே அவை. மனிதர் வாழ்ந்த இடம், மனிதர் இல்லாத இடமாக மாற்றப்பட்டதன் சான்றாகவே அவ்வாடுகள் நிற்கின்றன.

ஸ்கை தீவைச் சேர்ந்தவரும் கேலிக் மொழி பேசுபவருமான மாட்டின் மாட்டின் 1697இல் இங்கு சென்றபோது ஏறத்தாழ 180 பேர் வாழ்ந்தனர். ஆழ்கடல் மீன்பிடியிலும் பார்க்க, பாறைகளிற் கூடுகட்டும் ஃபுல்மார், கனெற், பஃபின் முதலிய கடற்பறவைகளே அவர்தம் வாழ்வின் ஆதாரமாயின. பறவையிறைச்சி உணவாயிற்று, எண்ணெய் விளக்கெரித்தது, இறகு குத்தகையாகச் சென்றது. கயிற்றிற் தொங்கி உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் இவ்வேலை தனியொருவரால் ஆவதன்று. எனவே, ஆண்கள் நாள்தோறும் தெருவிற் கூடி அன்றைய வேலையை முடிவு செய்தனர். வேட்டையைக் குடும்பங்களிடையே பகிர்ந்தனர். எனினும், இக்கூட்டுழைப்பை மட்டும் கண்டு அதனைச் சமத்துவச் சமுதாயமெனக் கொள்ளுதல் தவறாகும். நிலம் மக்லியோட் குலத் தலைவருக்கு உரியதாயிருந்தது. அவருடைய முகவர் ஆண்டுதோறும் வந்து இறகு, எண்ணெய், தானியம், கம்பளித் துணி ஆகியவற்றைக் குத்தகையாகப் பெற்றுச் சென்றார். பாறையில் இறங்கியவன் வேறு. பாறையை உடையவன் வேறு.

புறவுலகத் தொடர்பு இம்மக்களுக்கு நன்மையாக மட்டும் அமையவில்லை. 1727இற் பெரியம்மை பரவியவேளை, பறவை பிடிப்பதற்காக ஸ்ராக் அன் ஆமின் என்னும் கடற்பாறையில் இறக்கப்பட்டிருந்த மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும், திரும்ப அழைத்துவர ஆளின்மையால், மறு ஆண்டு மே மாதம் வரை அங்கேயே காலங்கழித்தனர். குடிகள் அருகியமையால் நிலவுடைமையாளர் பிற இடங்களிலிருந்து குடும்பங்களைக் கொணர்ந்து குடியேற்றினார். 1852இல் 36 பேர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டனர். அவர்களுட் பாதியளவினர் சின்னமுத்து முதலிய நோய்களாற் பயணத்திலேயே மாண்டனர். படகொன்று வந்து சென்ற பின்னர் ஊரெங்கும் தடிமனும் இருமலும் பரவுதலைத் தீவினர் நெடுங்காலம் அனுபவித்து வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிறந்த குழந்தைகளுட் பெரும்பகுதியினர், பிறந்த ஒரு வாரத்தையொட்டி ஏற்புவலியால் இறந்தனர். தூய்மையான மகப்பேற்று முறை புகுத்தப்பட்ட பின்னரே, 1890களில், இக்கொடுமை ஒழிந்தது. அறிவும் மருத்துவமும் வந்துசேர்வதற்கு வெகுகாலம் முன்னரே குத்தகையும் நோயும் வந்துவிட்டன என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

1877 முதல் உல்லாசப் பயணிகளை ஏற்றிய நீராவிக்கப்பல்கள் கோடைதோறும் ஊர்க்குடாவில் நங்கூரமிட்டன. தீவு மக்கள் காட்சிப் பொருளாயினர். கம்பளித் துணி, காலுறை, பறவை முட்டை ஆகியவற்றை விற்றுப் பணம் பெறும் பழக்கம் வளர்ந்தது. அதேவேளையில் இறகுக்கும் எண்ணெய்க்குமான சந்தை சுருங்கியது. முன்னர் தம் உழைப்பினால் வாழ்ந்தோர், மாவுக்கும் கப்பலுக்கும் பிறர் தயவுக்கும் காத்திருக்க வேண்டியவராயினர். முதலாம் உலகப் போரின்போது கடற்படையினர் இங்கு நிலைகொண்டமையால் ஒழுங்கான போக்குவரத்தும் கூலிவேலையும் கிடைத்தன. 1918ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்று ஊரின்மீது குண்டு பொழிந்தது. போர் முடிந்ததும் படையினர் அகன்றனர். கூலி உழைப்பைக் கண்ட இளைஞரும் அவர்களைத் தொடர்ந்து வெளியேறலாயினர். 1920இல் 73 ஆக இருந்த குடிசனத்தொகை 1928இல் 37 ஆகக் குறைந்தது.

1930ஆம் ஆண்டில், தக்கவேளையிற் சிகிச்சை பெற இயலாத இளந்தாய் ஒருத்தி கிளாஸ்கோ மருத்துவமனையொன்றில் உயிர்நீத்தாள். அவ்வாண்டு மே மாதத்தில் தீவினர் இருபதுபேர் கையொப்பமிட்டுத் தம்மை அகற்றுமாறு அரசுக்கு விண்ணப்பித்தனர். ஓகஸ்ற் 29ஆம் நாள், எஞ்சியிருந்த 36 பேரும் போர்க்கப்பலொன்றில் ஏறினர். நாய்களைக் குடாவிலேயே மூழ்கடித்தனர். ஒவ்வொரு வீட்டிலும் வேதாகமத்தைத் திறந்து வைத்து, அருகே சிறிது தானியத்தையும் இட்டுச் சென்றனர் என்பர். மரமே இல்லாத தீவிலிருந்து வந்த ஆண்களுட் சிலர்க்குக் காடு வளர்ப்புத் திணைக்களத்தில் வேலை வழங்கப்பட்டது.

தாமே கேட்டுச் சென்றனர் என்ற கூற்று இதனால் முழு உண்மையாகிவிடாது. விண்ணப்பத்திற் கையொப்பம் அவர்களுடையது. அதனை எழுதத் தூண்டிய நிலைமைகள் அவர்கள் ஆக்கியவை அல்ல. மருத்துவரையும் ஒழுங்கான கப்பற் சேவையையும் ஒருசிலர்க்காக வழங்குதல் வீண்செலவெனக் கருதப்பட்டது. ஆனால் 1957இல் அதே குடாவிலே இராணுவ ஏவுகணைப் பரிசோதனையைக் கண்காணிக்கும் நிலையம் அமைக்கப்பட்டபோது, சாலைக்கும் மின்சாரத்துக்கும் ஆட்களைக் கொண்டுசெல்வதற்கும் வேண்டிய பொருள் கிடைத்தது. எனவே தொலைவு என்பது கடல்மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று. எவருடைய தேவைக்காக அக்கடலைக் கடப்பது என்பதிலேயே அது தங்கியுள்ளது.

அதே 1957ஆம் ஆண்டில் தீவுகள் ஸ்கொத்லாந்து தேசிய அறநிதியத்தின் உடைமையாயின. 1986இல் யுனெஸ்கோ, பறவைகளையும் பாறைகளையும் முன்னிட்டு இவற்றை உலக மரபுரிமையாக ஏற்றது. அங்கு வாழ்ந்த மக்களின் பண்பாடும் அத்தகுதிக்குரியதென ஏற்கப்பட்டது 2005இலேயே. பறவைக்கும் மனிதனுக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தமை சிந்திக்கற்பாலது.

ஊர்க்குடாவின் அழகை மறுப்பது எமது நோக்கமன்று. மாலை வெயிலிற் பச்சைச் சரிவும் நீலக் கடலும் எவரையும் ஈர்ப்பனவே. ஆயின், அங்கு நிலவும் அமைதி ஆதிகால அமைதியன்று. 1930இல் ஏற்பட்ட அமைதி. ஒதுக்குப்புறமான கரையொன்றிற் கால்வைக்கும் எவரும், இங்கு வாழ்ந்தோர் யாவர், எதனாற் சென்றனர், நிலம் எவருடைய கையில் இருந்தது என்னும் வினாக்களையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும். அவ்வாறு செல்வோர்க்கே கூரையற்ற அவ்வீடுகள் வெறும் கற்களாகத் தோன்றாது, ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறாகத் தோன்றும்.