'சும்மா' எழுதிய மேதை

'தெரியாது' என்று சொல்வதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? நாலு புஸ்தகம் புரட்டியவரைக் கேட்டுப் பாருங்கள். அந்த வார்த்தை அவர் வாயில் லேசில் வராது. ஆயுள் முழுவதும் படித்த ஒருவர் அதை வாயால்கூடச் சொல்லவில்லை; பேனாவைக் கீழே வைத்துக் காட்டினார்.

அவர்தான் தாமஸ் அக்வினாஸ். இத்தாலியில் ரோக்காசெக்கா என்ற கோட்டையில், 1225-ஆம் வருஷத்தை ஒட்டிப் பிறந்தவர். பிரபு குடும்பம். பிச்சை ஏற்று வாழும் டொமினிக் சபைத் துறவிகளோடு பிள்ளை சேர்ந்துவிட்டான் என்று தெரிந்ததும் வீட்டாருக்குப் பொறுக்கவில்லை. வழியில் மறித்துப் பிடித்து வந்து காவலில் வைத்தார்கள். பிள்ளை மசியவில்லை! பருத்த சரீரம், பேச்சோ குறைவு. கூடப் படித்தவர்கள் 'ஊமை எருது' என்று பெயர் சூட்டினார்கள். ஆசிரியர் ஆல்பர்ட்டோ, இந்த எருதின் குரல் ஒரு நாள் உலகமெங்கும் கேட்கும் என்றாராம்.

கேட்கத்தான் செய்தது. அவருடைய பெரிய நூலுக்கு லத்தீனில் 'சும்மா தியாலஜியே' என்று பெயர். 'சும்மா' என்றால் அந்த மொழியில் தொகுப்பு. பெயரில்தான் சும்மா, உள்ளே 500-க்கு மேற்பட்ட கேள்விகள்! 'கடவுள் உண்டா?' என்பதே அதில் ஒரு கேள்வி. உலகில் தீமை இருக்கிறதே, பின் கடவுள் எப்படி இருக்க முடியும் என்று எதிர்த்தரப்பு வாதத்தைத்தான் முதலில் வைப்பார். அப்புறம்தான் தம்முடைய பதில்.

1273-ஆம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி. நேப்பிள்ஸ் நகரத்தில் பூசை நிறைவேற்றினார். அதன் பிறகு நூலைத் தொடவில்லை. உதவியாளரான ரெஜினால்ட் பதறிப் போய், முடித்துவிடும்படி மன்றாடினார். இனி முடியாது என்றும், தாம் கண்டதோடு ஒப்பிட்டால் எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தோன்றுகிறது என்றும் தாமஸ் பதில் சொன்னாராம். மூன்றே மாதம். 1274 மார்ச் 7-ந் தேதி காலமானார். நூல் பாதியிலேயே நின்றது. அதை எழுதியவரைத்தான் திருச்சபை 1323-ல் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தியது.

அன்று நேர்ந்தது தெய்வ தரிசனம் என்கிறார்கள் சிலர். ஓயாத உழைப்பினால் வந்த தளர்ச்சி என்கிறார்கள் வேறு சிலர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எழுதியதை அவர் கிழிக்கவில்லை. பொய் என்று மறுக்கவும் இல்லை. கடவுள் எப்படிப்பட்டவர் அல்ல என்பதைத்தான் நம்மால் அறிய முடியும் என்று நூலின் ஆரம்பத்திலேயே எழுதி வைத்தவர் அல்லவா? வைக்கோல் குப்பை அல்ல. கதிரைத் தாங்கி நின்றதே அந்தத் தாள்தான். ஆனால் நெல்லைக் கண்ணால் கண்டவன் தாளை நெல் என்பானா?

இது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். பைபிளில் வரும் யோபு, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தார். மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் கூடவே உட்கார்ந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்! அப்புறம் கடவுளின் அந்தரங்கக் காரியதரிசிகளைப் போல, இது பாவத்தின் சம்பளம் என்று காரணம் சொல்லத் தொடங்கினார்கள். 'ஏன்?' என்று கேட்ட யோபுவுக்குக் கடவுள் கடைசிவரை காரணம் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கோபம் மூண்டது, காரணம் சொன்ன நண்பர்கள்மேல்தான்.

ஆகவே, யோசிக்காதே என்பதல்ல இதன் பொருள். தாமஸ் 500 கேள்விகளைக் கேட்ட பிறகுதான் மௌனமானார். நாமும் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, 'கடவுள் ஏன் இப்படிச் செய்தார்?' என்று நம்மைப் பார்த்துக் கதறும்போது, தெரியாததைத் தெரிந்ததுபோல் விளக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். அந்த நேரத்தில் சும்மா இருப்பதும் பக்திதான்.