முருங்கைக் கீரையும் இதய மாத்திரையும்



மழை பெய்துவிட்டால் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் முருங்கை தளதளவென்று தழைத்துவிடும். காசில்லாத கறி. பத்து நாளும் கீரைப் பொரியல்தான். கோடையில் மரம் மொட்டையானால் கீரையே கண்ணில் படாது. நல்ல உடம்புக்காரருக்கு இதனால் ஒன்றுமில்லை. ஆனால் இதயத் துடிப்பு சீராக இல்லாமல், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஏற்ற இறக்கம் அவரைப் பாதிக்கும்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது, விட்டு விட்டுத் துடிக்குது" என்பார்கள். இளவயதில் இது வர ஒரு காரணம், சிறு பிள்ளையில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல். அது இதய வால்வைக் கெடுத்துவிடும். துடிப்பு தாறுமாறானால் இதயத்தின் மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின், அசினோகுமரால் போன்ற மாத்திரைகள்.

இம்மாத்திரை பிறந்ததே மாட்டுத் தொழுவத்தில்தான். 1933-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், பூஞ்சணம் பிடித்த தீவனம் தின்று செத்த மாட்டையும், உறையாத அதன் இரத்தத்தைப் பால் கேனிலும் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் காட்டினார். அந்தத் தீவனத்தில் கண்டுபிடித்த பொருளிலிருந்தே பிற்பாடு வார்ஃபரின் வந்தது.

கீரையிலுள்ள வைட்டமின் கே இரத்தத்தை உறைய வைக்கும். மாத்திரை அதைத் தடுக்கும். திடீரென்று கீரை கூடினால் மாத்திரை பலிக்காது. அடியோடு நிறுத்தினால் மாத்திரை மிஞ்சி, இரத்தக்கசிவு வரும். "கீரையே ஆகாது" என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்காதீர்கள். வாரம் இரண்டு நாள், ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விரதம், பட்டினி, வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு மாறும், டாக்டரிடம் சொல்லுங்கள். கொடுத்த தேதியில் இரத்தப் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும்.

கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் உப்பு மயம்; கால் வீங்குகிறவர்கள், இரத்த அழுத்தக்காரர்கள் குறைக்க வேண்டும். சாராயம் துடிப்பைக் கிளப்பிவிடும், கணவர்மார் இதை மறக்க வேண்டாம். ஒன்றிரண்டு டம்ளர் காபி பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. இளநீர் நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுக் குடிக்கவும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையும், நாட்டு மருந்தும் கேட்காமல் வேண்டாம்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும் தம்பதியர் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்தில் வார்ஃபரின் குழந்தைக்குக் குறை உண்டாக்கக்கூடும். நாள் தள்ளிப்போனால் உடனே போய்ச் சொல்லுங்கள். தானாக நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் டாக்டர் சொன்னால் மட்டும்.

ஈறில் இரத்தம், கருப்பு மலம், சிவந்த சிறுநீர் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, 108-க்குக் கூப்பிடுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய சீட்டு எப்போதும் மடியில் இருக்கட்டும்.